பழைய வங்கிக் கட்டடத்தைப் பார்ப்பதும் பதிவு செய்வதும்: திருமலைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஈடான இயற்கைத் துறைமுகம் இந்தத் தீவில் வேறு கிடையாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் அதற்காகச் சண்டை பிடித்தார்கள். ஆனால் பெரிய வங்கிகள் தூணும் வளைவுமாகக் கட்டடம் எழுப்பியது இங்கே அல்ல, கொழும்புக் கோட்டையில். உயர்தரத்தில் வணிகம் படிக்கும் பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் "கொழும்பு தலைநகரம்தானே சேர்" என்பார்கள். அது அரைவாசிப் பதில்தான். மீதியை அந்தக் கட்டடங்களுக்கு முன்னால் நின்று பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வழிகாட்டி இரண்டு வேலைக்கு உதவும். ஒன்று, திருமலையிலிருந்து போய் கோட்டையின் பழைய வங்கிக் கட்டடங்களை ஒழுங்காகப் பார்ப்பது. மற்றது, அங்கே பழகிய கண்ணோடு நம் ஊரின் பழைய வங்கி, கந்தோர், கிட்டங்கி (சரக்கும் கொடுக்கல்வாங்கலும் நடந்த பண்டகசாலை) கட்டடங்களை அவை இடிபட முன் பதிவு செய்வது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். முதலாவதை அதற்கான பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வெளிக்கிடுவதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டடத்தைப் பற்றிப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, காசு எந்தப் பாதையில் போய் வந்தது என்று படித்துவிட்டுப் போங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் பணம் மலைநாட்டுக் கோப்பியில் இருந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் பாதை போடப்பட்டதும் மலையிலிருந்து வரும் சரக்கு நேரே கொழும்பில் இறங்கியது. அப்போது கொழும்பில் பாதுகாப்பான துறைமுகம் இருக்கவில்லை. பெரிய கப்பல்கள் காலியையே நம்பின. 1875இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவர் கட்டத் தொடங்கினார்கள், 1885இல் முடித்தார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி, இல்லாத துறைமுகத்தை உண்டாக்கினார்கள். திருமலையில் கடவுள் கொடுத்த துறைமுகம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அது கடற்படைக்குப் போனது. போர்க்கப்பல் நிலக்கரியும் தண்ணீரும் கேட்கும், தேயிலைப் பெட்டி கேட்காது. திருமலைக்கு ரயில் வந்தது 1927இல். அதற்குள் வியாபாரம் எங்கே என்பது முடிவாகிவிட்டது.

வங்கி கப்பலைத் தேடிப் போவதில்லை, கப்பலில் ஏறும் சரக்கின் உண்டியலை, அதாவது சரக்குக்கான பணத்தை இன்ன நாளில் தருவதற்கான கையெழுத்துப் பத்திரத்தைத் தேடிப் போகும். கோட்டையில் நடக்கும்போது இதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்ததாகத் தெரிந்திருக்க வேண்டியது ஓரியண்டல் வங்கியின் கதை. அந்தக் காலத்தில் இலங்கையில் நோட்டு அடித்தது அரசாங்கம் அல்ல, தனியார் வங்கிகள். அவற்றில் பெரியது ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவை மூடியது. சந்தையில் கைமாறிக்கொண்டிருந்த நோட்டு ஒரே நாளில் வெறும் கடதாசியாகும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தைக் கொடுத்து நிலைமையைத் தாங்கினார். அதே ஆண்டு கடதாசி நாணயச் சட்டம் வந்தது. 1885 முதல் அரசாங்க நோட்டு புழங்கியது.

இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதற்குப் பின் எழுந்த நிதி நிறுவனக் கட்டடங்களைப் பாருங்கள். தடித்த அடிச்சுவர், கருங்கல் படி, ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கும் யன்னல், கூரைவரை போகும் தூண். "நாங்கள் ஓடிவிட மாட்டோம்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதற்காக இத்தனை கல்லும் சுண்ணாம்பும் செலவழித்திருக்கிறார்கள். அழகு அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, நம்மவர்களின் பங்கு. வெளிநாட்டு வங்கிகள் ஏற்றுமதி உண்டியலிலும் லண்டன் நாணய மாற்றிலும் தொழில் செய்தன. ஊர்க் கடைக்காரருக்கு அவை நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. இடையில் நின்றவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வங்கியிடம் வாங்கி, புறக்கோட்டை செட்டியார் தெருக் கிட்டங்கிகளிலிருந்து அதை நாடெங்கும் கொடுத்தார்கள். வங்கிக்குள்ளே சிறாப்பர் என்று ஒருவர் இருந்தார். இந்த ஆளை நம்பலாம், இந்த ஆளை நம்பக்கூடாது என்று தன் பொறுப்பில் உத்தரவாதம் சொல்வது அவர் வேலை. கோட்டையின் வங்கி மண்டபத்தையும் செட்டியார் தெருவின் கிட்டங்கியையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் வெள்ளைக்காரன் மட்டும்தான் வங்கி நடத்தினான் என்ற தப்பான எண்ணத்தோடு திரும்பி வருவீர்கள்.

1925இல் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்ததும் வங்கிகள் அந்தக் கடனைச் சுருக்கிவிட்டன. ஊர் வியாபாரிகள் தவித்தார்கள். 1934இல் வங்கித்துறை ஆணைக்குழு அமைந்ததும், 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி கோட்டையின் பிரிஸ்டல் வீதியில் இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் இந்தத் தவிப்பின் தொடர்ச்சிதான். மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28இல் வந்தது, மக்கள் வங்கி 1961 ஜூலை 1இல். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

படி 2: நாளும் பயணமும்

கிழமை நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டை வெறிச்சோடிக் கிடக்கும். வெளியே நின்று படம் எடுக்க வசதி, ஆனால் எந்தக் கதவும் திறந்திருக்காது. மாணவர்களோடு போவதென்றால் போயா நாளையும் நீண்ட விடுமுறையையும் தவிர்த்து விடுங்கள்.

திருமலையிலிருந்து இரவு ரயில் எடுத்தால் சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய், கல்லோயா சந்தி, மாகோ வழியாக விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறக்கிவிடும். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விடியமுன் இறங்கினால் அவசரப்படாமல் முகம் கழுவி, சாப்பிட்டு, வெயில் சரிவாக விழும் காலை நேரத்தில் நடக்கத் தொடங்குங்கள். உச்சி வெயிலில் சுவரின் வேலைப்பாடு தட்டையாகத் தெரியும். காலை வெயிலில் ஒவ்வொரு பிதுக்கத்துக்கும் நிழல் விழும்.

தேசிய அடையாள அட்டை கட்டாயம். மாணவர் குழு என்றால் பாடசாலைத் தலைப்புத் தாளில் அதிபரின் கடிதம் ஒன்று. நமக்கு இது ஏன் தேவை என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: கோட்டையில் நடக்கும் வழி

ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து மேற்குப் பக்கமாக லோட்டஸ் வீதி வழியே நடந்தால் சற்று நேரத்தில் யோர்க் வீதி வரும். அதில் வடக்கே, துறைமுகப் பக்கம் திரும்புங்கள். கட்டடங்களின் கீழ்த்தளத்தில் நடைபாதையை மூடியபடி வளைவு விறாந்தை ஓடும். வெயிலிலும் மழையிலும் ஆட்கள் நனையாமல் கந்தோருக்குக் கந்தோர் போய்வர அமைத்த ஒழுங்கு அது. 1906இல் முடிந்த சிவப்புக் கார்கில்ஸ் கட்டடத்தைக் காணத் தவற மாட்டீர்கள். அது வங்கி அல்ல, கடை. ஆனால் வங்கிக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அருமையான உதாரணம். கடை தன் சரக்கைக் காட்ட அகலமான கண்ணாடி யன்னல் வைக்கும். வங்கி உள்ளே இருப்பதைக் காட்டாது.

அங்கிருந்து சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தைக்குத் திரும்புங்கள். பழைய பெயர் பிரின்ஸ் வீதி. 1892இல் கொழும்புக்கு வந்த ஹொங்கொங் வங்கி நெடுங்காலம் இயங்கிய வீதி இது. இந்த வீதிகளின் பழைய பெயர்களை எழுதி வைத்திருப்பது பிறகு ஆவணம் தேடும்போது கைகொடுக்கும்: ஜனாதிபதி மாவத்தை அப்போது குயின் வீதி, முதலிகே மாவத்தை அப்போது பெய்லி வீதி. பழைய பதிவேடுகளில் இந்தப் பெயர்கள்தான் இருக்கும்.

ஜனாதிபதி மாவத்தையில் தெற்கே போனால் சதாம் வீதிச் சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும். 1857இல் கட்டியது. 1867 முதல் வெளிச்சவீடாகவும் வேலை செய்தது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் பின்னர் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. அதன் கீழே நின்று பார்த்தால் கோட்டை எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடங்கியது என்று விளங்கும். துறைமுகம், சுங்கம், கப்பல் கந்தோர், வங்கி, ஆளுநர் மாளிகை எல்லாம் பத்து நிமிட நடைக்குள். ஓர் உண்டியலில் கையெழுத்து வாங்கச் சின்னப் பையன் ஒருவனை ஓட விட்டால் போதும். வங்கிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றது இதனால்தான்.

இனி சதாம் வீதியில் கிழக்கே திரும்பி சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்துக்கு வாருங்கள். பயணத்தின் முக்கிய இடம் இது. 1914இல், அவுஸ்திரேலிய ஆயுள் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டியது. அந்நாளில் கொழும்பின் மிக உயர்ந்த கட்டடம் என்று பெயர். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியின் மீது விடுதலைப் புலிகள் வெடிமருந்து லொறியால் நடத்திய தாக்குதலில் 91 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இந்தக் கட்டடமும் சேதமானது. நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடந்ததை மத்திய வங்கி எடுத்துத் திருத்தி, பொருளாதார வரலாற்று நூதனசாலையை அங்கே வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நாளின் கதையைச் சொல்லாமல் கடந்து போக வேண்டாம். இறந்தவர்களில் பெரும்பாலானோர் அன்று காலை வேலைக்கு வந்த சாதாரண மனிதர்கள். கட்டடத்தின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி.

நூதனசாலை திறக்கும் நாளையும் நேரத்தையும் முதலே விசாரியுங்கள். உள்ளே நாணயமும் நோட்டும் பார்ப்பதற்கு முன் நடுவில் நின்று மேலே அண்ணாந்து பாருங்கள். வட்டமாகச் சுழன்று ஏறும் படிக்கட்டு, அதன் நடு வெளியில் தொங்கும் நீண்ட சரவிளக்கு. ஒவ்வொரு தளத்துக்கும் காற்றும் வெளிச்சமும் அந்த நடு வெளி வழியாகத்தான் இறங்கின. மின்விசிறியும் குளிரூட்டியும் எளிதில் கிடைக்காத காலத்தில் இது அலங்காரம் மட்டும் அல்ல.

வெளியே வந்து தூண்களின் தலைப்பகுதியைப் பாருங்கள். இலை விரிந்ததுபோல் இருப்பது கிரேக்க, உரோம முறை. நம் கோயில் தூணில் போதிகை இருக்கும் அதே இடம். கோயிலில் போதிகை உண்மையிலேயே உத்தரத்தைத் தாங்கும். இங்கே பல இடங்களில் பாரத்தைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் செங்கலும் இரும்பும். தூண் பார்வைக்கு. எது தாங்குகிறது, எது தாங்குவதுபோல் காட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் கட்டடம் பார்க்கும் கலையில் பாதி கைவந்துவிடும்.

படி 4: உள்ளே காசு போகும் வழியில் நடந்து பாருங்கள்

எந்தப் பழைய வங்கிக் கட்டடத்துக்குள் போனாலும், கண்ணில் பட்டதை எல்லாம் பார்க்காமல், ஒரு நூறு ரூபாய் அந்தக் காலத்தில் எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று அந்த ஒழுங்கில் போங்கள்.

வாசல் முதலில். வங்கிகள் சந்தி மூலையை விரும்பின. மூலையை வெட்டி, சாய்வாக ஒரு கதவு வைத்தால் இரண்டு வீதியிலிருந்தும் வாசல் தெரியும். படிகளை எண்ணுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளத்துக்குப் பயந்தா, மரியாதைக்காகவா என்பது இடத்தைப் பார்த்தால் விளங்கும். கதவின் தடிப்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். பித்தளைக் கைப்பிடி எந்த உயரத்தில் தேய்ந்திருக்கிறது?

அடுத்தது மண்டபம். கூரை வழமைக்கு மாறாக உயரமாக இருக்கும். பழைய நாளில் நீண்ட கம்பியில் மின்விசிறி தொங்கியிருக்கும். கம்பி எடுபட்டாலும் மேலே கொக்கியின் அடையாளம் நிற்கும். கருமபீடம் தேக்கு அல்லது வேறு கடின மரத்தில், மேலே பித்தளைக் கம்பி வலையோடு இருந்திருக்கும். இன்று அதைக் கழற்றிக் கண்ணாடி போட்டிருப்பார்கள். ஆனால் தரை எதையும் மறைக்காது. வாடிக்கையாளர் வரிசையில் நின்ற இடத்தில் ஓட்டின் பூ தேய்ந்திருக்கும். காசாளர் பெட்டிக்கு முன்னால் தேய்வு அதிகம், மற்றப் பிரிவுகளுக்கு முன்னால் குறைவு. கருமபீடம் இப்போது வேறு இடத்தில் இருந்தாலும் பழைய இடம் எது என்று அந்தத் தேய்வை வைத்துப் பென்சிலால் கோடு போடலாம். என்னோடு வரும் பிள்ளைகளைத் தரையில் குந்தியிருந்து பார்க்கச் சொல்வேன். யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது தேய்ந்த குழி நன்றாகத் தெரியும்.

முகாமையாளரின் அறை எங்கே என்று தேடுங்கள். மண்டபம் முழுவதையும் எழும்பாமலே பார்க்கக்கூடிய மூலையில், கண்ணாடித் தட்டியோடு இருக்கும். கடன் கேட்டு வந்தவர் எத்தனை கண்களைத் தாண்டி அந்த அறைக்குப் போனார் என்று நடந்து பாருங்கள்.

அப்புறம் பெட்டக அறை. பழைய கட்டடம் ஒன்று வங்கியாக இருந்ததா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டாமல் உள்ளே இருக்கும். மற்றச் சுவர்களைவிடச் சுவர் தடிப்பு, யன்னல் கிடையாது, தரையும் தட்டும் தனியாகப் பலப்படுத்தியிருக்கும். இரும்புக் கதவில் செய்தவரின் பெயர்த்தகடு இருக்கும். சப், மில்னர் போன்ற ஆங்கிலேயக் கம்பனிகளின் பெயர்கள் அந்தக் காலக் கதவுகளில் சாதாரணம். சாவித் துவாரம் இரண்டு இருக்கும். ஒரு சாவி முகாமையாளரிடம், மற்றது காசாளரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இரண்டு ஆட்கள் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதால் கதவுக்கு முன்னால் சற்று அகலமான இடம் விட்டிருப்பார்கள். வங்கி போய் வேறு கடை வந்த கட்டடத்தில் அந்தக் கதவைக் கழற்ற முடியாமல் அப்படியே விட்டு, உள்ளே சரக்கு அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம்.

கடைசியாக மேல்மாடியும் பின்பக்கமும். வெளிநாட்டு வங்கியின் முகவர் பல ஊர்களில் வங்கிக்கு மேலேயே குடியிருந்தார். மேலே சமையலறைப் புகைக்கூண்டு, குளியலறை, கடலைப் பார்த்த விறாந்தை இருந்தால் அது கந்தோர் அல்ல, வீடு. பின்பக்கத்தில் வேலையாட்களுக்கும் வண்டிக்கும் தனி ஒழுங்கை, தனி ஒடுங்கிய படிக்கட்டு இருக்கும். முன்வாசலின் அகலத்தையும் பின்வாசலின் அகலத்தையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு இலக்கமும் அந்தக் காலத்துச் சமூகத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

படி 5: அனுமதி, படம், அளவு

இயங்கும் வங்கிக்குள் கேட்காமல் கமராவை எடுக்க வேண்டாம். முகாமையாளரிடம் முதலே எழுத்தில் கேளுங்கள். தருவார், அல்லது தலைமையகத்தில் கேட்கச் சொல்வார். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே நின்று வரையுங்கள். ஜனாதிபதி மாவத்தையிலும் துறைமுக வாசல்களிலும் காவல் இருக்கும் இடத்தில் படம் எடுப்பதற்கு முன் அங்கே நிற்பவரிடம் கேட்டுவிடுங்கள். நம் ஊரிலும் டொக்யார்ட் பக்கம், பிரெட்ரிக் கோட்டை என்று படையினர் இருக்கும் இடங்களுக்கு இதே கதைதான்.

படம் எடுப்பதில் அழகை மறந்துவிட்டு ஒழுங்கைப் பிடியுங்கள். முகப்பு நேராக ஒன்று, இரண்டு மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று, வீதியோடு சேர்த்து ஒன்று, பிறகு கதவு, யன்னல், தூண், கூரை விளிம்பு, தரை, எழுத்து பொறித்த இடங்கள். நுணுக்கமான பகுதியை எடுக்கும்போது அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அளவு நாடா இரண்டு பேர் பிடிக்க வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும். சுவரின் தடிப்பை யன்னல் ஓரத்தில் அளப்பது சுலபம்.

ஒரு கட்டுப்பாடு: இன்றும் வங்கியாக இயங்கும் கட்டடத்தின் பெட்டக அறை எங்கே, கதவு எப்படி, காவல் எப்படி என்ற விவரத்தை எங்கும் வெளியிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

படி 6: திருமலையில் கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது

இனி நம் ஊர். உட்துறைமுக வீதி, பிரதான வீதி, மத்திய வீதி, டொக்யார்ட் வீதி என்று நடந்தால் கோட்டையின் வங்கி மாளிகைகளைப்போல் எதுவும் வராது. அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கடையாக இருந்து கந்தோராகி, கந்தோராக இருந்து வங்கிக் கிளையாகி, இப்போது கைபேசி விற்கும் இடமாக நிற்கும் கட்டடங்களைத்தான் இங்கே பார்க்க வேண்டும். முன்பக்கம் முழுவதையும் விளம்பரத் தட்டி மூடியிருந்தால் பின் ஒழுங்கைக்குப் போங்கள். பழைய கட்டடத்தின் முகம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

வயதைக் காட்டும் அடையாளங்கள் சில. சுவர் பூச்சு உதிர்ந்த இடத்தில் பாருங்கள். கடற்கல்லும் சுண்ணாம்புமா, செங்கல்லும் சுண்ணாம்புமா, சீமெந்துக் கல்லா? முதலாவது பழையது, கடைசியானது நம் காலத்தது. ஒரே சுவரில் மூன்றும் இருந்தால் மூன்று முறை திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். கூரை ஓடு ஒன்று கீழே விழுந்து கிடந்தால் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓட்டின் அடியில் சூளையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல், ஆகவே அந்த மிஷனின் பெயர் உள்ள ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் ஓடு மாற்றக்கூடிய பொருள். அதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிடாதீர்கள்.

மேல்மாடியைத் தாங்கும் இரும்பு உத்தரம் இன்னும் நல்ல சாட்சி, அதைச் சுலபமாக மாற்ற முடியாது. டோர்ச் அடித்து அதன் நடுப்பட்டையைப் பாருங்கள். உருக்கிய ஆலையின் பெயர் பொங்கிய எழுத்தில் இருக்கும். டோர்மன் லோங் என்ற இங்கிலாந்து ஆலையின் பெயர் பழைய கட்டடங்களில் அடிக்கடி அகப்படும். பல தடவை வர்ணம் பூசி எழுத்து மங்கியிருந்தால் மேலே மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுங்கள்.

பழைய கல்லை உற்றுப் பார்ப்பது திருமலைக்காரருக்குப் புதிது அல்ல. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை வைத்துக் கோட்டை கட்டினார்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் கயல் மீன் பொறித்த கல்வெட்டுத் துண்டை இன்றும் போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். கோயில் கல்லுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை வீதியோரக் கந்தோர்ச் சுவருக்கும் கொடுங்கள். அதைக் கட்டியதிலும் அதற்குள் கணக்கு எழுதியதிலும் நம் பாட்டன்மாரின் கை இருக்கிறது.

படி 7: கடதாசியைத் தேடுவது

கட்டடம் சொல்வதைக் கடதாசியோடு ஒப்பிட்டால்தான் உறுதியாகும். காணிப் பதிவகத்தில் தொடங்குங்கள். முதலில் அந்தக் காணியின் இன்றைய உறுதி இலக்கத்தையோ வரைபட இலக்கத்தையோ சொந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது முன்பு எந்தப் பாகத்தின் எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்று குறித்திருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். எல்லை விவரத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். "வடக்கே இன்னாரின் கிட்டங்கி, கிழக்கே தெரு" என்ற வரியில் பக்கத்துக் கட்டடத்தின் வரலாறும் சேர்ந்து கிடைக்கும். பதிவகத்தில் வேலை செய்கிறவர்களின் பொறுமைதான் இந்தத் தேடலின் மூலதனம். கூட்டமில்லாத நேரத்தில் போங்கள், ஒரு நாளில் ஒரு காணி என்று வையுங்கள்.

உள்ளூராட்சி அலுவலகத்தின் மதிப்பீட்டு வரிப் பதிவேட்டில் கட்டடத்தை யார் எதற்காகப் பாவித்தார்கள் என்று இருக்கும். காணி உறுதியில் அது இருக்காது. பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். அரச வங்கி ஒன்றின் கட்டடம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "உங்கள் கட்டடத்தின் வரலாறு என்ன" என்று கேட்டால் பதில் வராது. "இந்தக் கட்டடம் எந்த ஆண்டில் வாங்கப்பட்டது அல்லது குத்தகைக்கு எடுக்கப்பட்டது, திருத்த வேலைகள் எந்த ஆண்டுகளில் நடந்தன" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கொழும்புக்குப் போகும்போது தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பெர்குசன் டிரெக்டரி என்று ஆண்டுதோறும் வந்த தொகுப்பில் வங்கிகளும் அவற்றின் முகவர்களும் ஊர்வாரியாக இருக்கும். பத்தாண்டுக்கு ஒன்று என்று எடுத்துத் திருகோணமலைப் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டால், எந்த நிறுவனம் எப்போது வந்தது, எப்போது மறைந்தது என்று ஒரு வரிசை கிடைக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட காலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைக் கவனமாகப் பாருங்கள்.

படி 8: இருந்தவர்களிடம் கேட்பது

இதை இங்கே பின்னால் எழுதினாலும் செய்யும்போது முதலில் செய்யுங்கள். கடதாசி காத்திருக்கும், வயதானவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், எழுதுவினைஞர், காவலாளி, வங்கிக்குத் தேநீர் கொண்டுபோன கடைக்காரர் என்று எல்லோரிடமும் கேளுங்கள். முகாமையாளரைவிடக் காவலாளிக்குக் கட்டடம் அதிகம் தெரியும். "ஐயா, அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் நல்ல காலம், கெட்ட காலம் என்று இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். காலையில் முதலில் எந்தக் கதவைத் திறந்தீர்கள், சில்லறைக் காசை எண்ணினீர்களா நிறுத்தீர்களா, பேரேடுகளை இரவில் எங்கே வைத்தீர்கள், மீன்பிடிப் பருவத்தில் எந்தக் கிழமை கூட்டம் கூடியது, ஊரடங்குச் சட்டம் போட்ட நாளில் பெட்டகத்தை யார் பூட்டினார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது கட்டடத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து வையுங்கள். விரல் தானாகவே ஓரிடத்தில் போய் நிற்கும். "இதிலை ஒரு கதவு இருந்தது தம்பி" என்று தொடங்கினால் பேச்சை வெட்டாதீர்கள்.

1983இலும் 1990இலும் என்ன நடந்தது என்ற கேள்வியை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர் சொன்னால் முழுதாகக் கேளுங்கள். ஒலிப்பதிவுக்கும் பெயர் போடுவதற்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். பெயர் வேண்டாம் என்றால் "ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்" என்று எழுதினால் போதும்.

படி 9: பாதுகாப்பும் பத்திரமும்

1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருள் சட்டம் நேரடியாகக் காக்கும். அதற்குப் பிந்திய கட்டடம் குறைந்தது 100 ஆண்டு பழையதாக இருந்தால் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்க வழி இருக்கிறது. ஆனால் சொந்தக்காரரோடு பேசாமல் விண்ணப்பம் எழுதாதீர்கள். கட்டடம் கைவிட்டுப்போகும் என்று அவர் பயந்தால், அடுத்த மாதமே இடித்துவிடுவார். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே மாற்றலாம், பெட்டகக் கதவைக் கழற்றாமல் கடைக்கு ஓர் ஈர்ப்பாக வைக்கலாம் என்று நடைமுறைக்கு ஏற்றதைச் சொல்லிப் பாருங்கள். அநேகர் கேட்பார்கள்.

சேர்த்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கைபேசியில் மட்டும் இருப்பது இல்லாததற்குச் சமம். ஒரு பிரதி கட்டடச் சொந்தக்காரருக்கு, ஒன்று பொது நூலகத்துக்கு, ஒன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு. இலங்கைத் தமிழர் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் வீதி, கட்டட இலக்கம், எந்தப் பக்கம், எடுத்த திகதி என்ற நான்கும் இருக்கட்டும். வரைபடத்தில் வடக்கைக் குறித்து, அளந்தவர்களின் பெயரையும் அடி அளவா மீற்றர் அளவா என்பதையும் மூலையில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.